தோல் ஜாக்கெட் வாங்கும் முன் கதிரேசனுக்கு

அல்சூர், பெங்களூரு
18.01.2025

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த புகைப்படமும் வியாழக்கிழமை கிடைத்தன. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதையும், அந்தக் கடமை முடிந்த கையோடு நாற்பது வருட ஆசையான புல்லட்டை நீ வாங்கிவிட்டதையும் படித்து மனம் நிறைந்தது. ஞாயிறுதோறும் இருட்டோடு சேலத்திலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய் ஏற்காட்டில் காபி குடிப்பதாக எழுதியிருக்கிறாய். கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் புகைப்படத்தில் நீ தேர்ந்தெடுத்திருக்கும் அந்தத் தோல் ஜாக்கெட்டைப் பார்த்த பிறகு உடனே பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து முன்பணம் கொடுக்காதே.

சென்ற ஆகஸ்டில் நான் வண்டியிலிருந்து விழுந்ததைத் தொலைபேசியில் சொன்னேனே தவிர, முழுவதையும் சொல்லவில்லை. நந்தி மலையிலிருந்து திரும்பும் வழியில், தேவனஹள்ளிக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், சாலையில் சிந்திக் கிடந்த ஈரமணலில் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. இடப்பக்கமாகச் சாய்ந்து, தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் இழுபட்டுப் போனேன். அன்று போட்டிருந்த ஜாக்கெட்டை இப்போது மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடது கையில் உள்ளங்கை அகலத்திற்கு மேற்பரப்பு உரிந்து, பூனையின் நாக்கைப்போல் சொரசொரப்பாகிவிட்டது; ஆனால் ஓட்டை விழவில்லை, என் உடம்பில் ஒரு சிராய்ப்பும் இல்லை. தோள்பட்டையில் மூன்று வரிசையாகப் போட்டிருந்த தையல் அப்படியே நிற்கிறது. அக்குளுக்குக் கீழே ஒற்றைத் தையல் போட்டிருந்த இடமோ நான்கு விரற்கடை அளவுக்குப் பிரிந்து கிடக்கிறது.

இவ்வளவு காத்த ஜாக்கெட் என் முழங்கையைக் காக்கவில்லை. எலும்பில் கீறல் விழுந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். அதற்குக் காரணம் தோலின் தரம் அன்று, அளவுதான். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போடலாம் என்று கடையில் சொன்னார்கள். தீபாவளிக்கு வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல் நானும் தளர்வாக எடுத்துக்கொண்டேன். சாலையில் பட்ட கணத்தில் அந்தத் தளர்ந்த கை திருகிக்கொண்டு, முழங்கையின்மேல் இருந்திருக்க வேண்டிய ஆர்மர் (அடியைத் தாங்க ஜாக்கெட்டின் உள்ளே வைக்கும் காப்புத் திண்டு) முன்கையின் உட்பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

தோலுக்கும் அதன் உள்ளே வைக்கும் ஆர்மருக்கும் வேலை வேறு வேறு என்பதை நான் அன்றுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன். தோல், சாலையில் உரசும்போது நம் சருமத்துக்குப் பதிலாகத் தான் தேய்ந்துகொடுக்கிறது. ஆர்மர், எலும்பின்மேல் விழும் அடியை வாங்கிப் பரப்பிவிடுகிறது. அது சரியாக எலும்பின்மேல் இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே கடைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து முடிவு செய்யாதே. உன் வண்டிமேலேயே உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பார். அப்போது ஜாக்கெட் கையின் நுனி மணிக்கட்டுக்கு மேல் ஏறக் கூடாது; முழங்கை ஆர்மர் மூட்டின்மேல் கிண்ணம் கவிழ்த்ததுபோல் அமர வேண்டும். மற்றொரு கையால் அதைப் பிடித்துத் திருகிப் பார், அசைந்தால் அந்த ஜாக்கெட் உனக்கானது அன்று. பிறகு யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி, ஓரத்தைப் பிடித்து மேலே இழுக்கச் சொல். முதுகு தெரியுமளவுக்கு ஏறினால், சாலையில் வழுக்கும்போதும் அப்படித்தான் ஏறும். புதிதாகப் போடும்போது சற்று இறுக்கமாகத் தோன்றுவது குற்றமில்லை, ஏனெனில் தோல் போடப் போட உடம்புக்கு ஏற்ப நெகிழ்ந்துகொடுக்கும்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது மார்பின் குறுக்கே சாய்வாக ஜிப் வைத்த பழைய அமெரிக்க மாதிரி. 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகவே முதலில் தைத்த அமைப்பு அது. வடிவத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'வெண்ணெய்போல் மென்மையான செம்மறியாட்டுத் தோல்' என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, என் கவலையெல்லாம் அதில்தான். செம்மறியாட்டுத் தோல் குளிருக்கும் அழகுக்கும் நல்லது. தார்ச்சாலையில் எளிதில் கிழிந்துவிடும். ஓட்டுவதற்கென்றால் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத் தோல் வேண்டும். எருமைத் தோலும் உறுதியானதுதான், கொஞ்சம் முரடாகவும் கனமாகவும் இருக்கும். கங்காருத் தோல் மெல்லியதாக இருந்தும் மிக வலுவானது. அதன் விலையைக் கேட்டு, பந்தயம் ஓட்டுபவர்களுக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோலின் மேலடுக்கைத்தான் வாங்க வேண்டும், பிளந்தெடுத்த கீழடுக்கை அன்று. கீழடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி விற்றால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்: நல்ல மேலடுக்கில் சுற்றிலும் நுண்ணிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும், பூச்சு கனமாக உள்ளது ரப்பர்போல் மழுங்கலாகக் குழியும். வாணியம்பாடியும் ஆம்பூரும் உனக்கு வெகுதூரம் இல்லை. அங்கே தோல் வேலையில் பழகியவர்கள் யாராவது உனக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடம் காட்டு, தொட்டவுடன் சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட நாடு நம்முடையது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் போய்விடவில்லை.

தலைக்கவசத்துக்கு நம் நாட்டில் சட்டமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டு. ஜாக்கெட்டுக்கு அப்படிக் கட்டாயம் எதுவுமில்லை என்பதால் நாமேதான் உள்பக்கச் சீட்டைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய முறைப்படி சோதித்ததாக இருந்தால், சிறிய மோட்டார் சைக்கிள் படத்துடன் இ.என். 17092 என்ற எண்ணும், ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ என்பவற்றில் ஒரு வகுப்பும் அச்சிட்டிருக்கும். சோதனைக் கூடத்தில் சுழலும் கருவியில் துணியையும் தோலையும் கான்கிரீட்டின்மேல் விட்டு உரசுவார்கள். அதிகமாக அடிபடும் பகுதிகள் ஏ.ஏ.ஏ. வகுப்பில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்திற்கும், ஏ.ஏ. வகுப்பில் 70க்கும், ஏ வகுப்பில் 45க்கும் நிகரான உரசலைத் தாங்க வேண்டும். உன் மலைப்பாதைக்கு ஏ.ஏ. போதும் என்பது என் கருத்து.

தோள், முழங்கை ஆர்மரை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கத் தயங்காதே. அதில் இ.என். 1621-1 என்ற எண்ணும், நிலை 1 அல்லது 2 என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ஒரே அடி விழுந்தால், நிலை 1 ஆர்மர் உள்ளே கடத்தும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது, நிலை 2இல் 20க்கு மேல் போகக் கூடாது. கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது இரண்டாவதை வாங்கு. முதுகுப் பகுதியைத் தனியாகப் பார். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் பஞ்சுப் பலகை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். என்னுடையதிலும் அதுதான் இருந்தது. விழுந்த பிறகு இ.என். 1621-2 முத்திரையுள்ள முதுகு ஆர்மரை வாங்கி மாற்றினேன்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெங்களூரு மேட்டில் இருப்பதால் ஆண்டில் பெரும்பாலும் தோலைப் போட்டுச் சமாளிக்கிறேன். சேலத்தின் சித்திரை வெயிலில், சிக்னலில் நிற்கும்போது அது உன்னை வேகவைத்துவிடும். மார்பிலும் கையின் உட்புறத்திலும் துளையிட்ட தோல் கிடைக்கிறது, ஓடும்போது காற்று நன்றாக உள்ளே வரும். தோளிலும் முழங்கையிலும் மட்டும் துளை இருக்கக் கூடாது. வெயில் தாங்காமல் ஜாக்கெட்டை வீட்டில் மாட்டிவிட்டுப் போவாய் என்றால், ஆர்மர் வைத்த வலைத்துணி ஜாக்கெட்டையே வாங்கிக்கொள் என்று மனமாரச் சொல்வேன்.

நாளைக்கே அந்தக் கடைக்குப் போய், உள்பக்கச் சீட்டையும் அக்குள் தையலையும் படமெடுத்து அனுப்பு. மார்புச் சுற்றளவையும், முழங்கையை மடக்கி வைத்துப் பிடரியின் நடுவிலிருந்து மணிக்கட்டுவரை உள்ள நீளத்தையும் தங்கையை எடுக்கச் சொல். சிவாஜிநகரில் தோல் தைக்கும் பெரியவர் ஒருவர்தான் என் ஜாக்கெட்டின் பிரிந்த தையலை இரட்டையாகப் போட்டுக் கையையும் பிடித்துத் தரப்போகிறார். உன் அளவையும் அவரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
முருகானந்தம்