விதை ஊறவைக்கும் நாளில் வராத பாக்கெட்

ஐயா,

நெல்லில் பூஞ்சாணத்தால் வரும் குலைநோய்க்கு, அதைத் தடுக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடியைத் தெளிக்கச் சொல்லி ஒவ்வொரு மார்கழியிலும் அறிவுரை வருகிறது. அறிவுரையில் தப்பில்லை, அது வருகிற மாதம்தான் தப்பு.

மன்னார்குடி பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் சம்பாவுக்கு ஆந்திரா பொன்னி போடுகிறேன். குலைநோய் சீக்கிரம் பிடிக்கிற ரகம்தான். விலை கிடைக்கிறதே, என்ன செய்ய? போன சம்பாவில் மழை விட்டதும், பயிர் வெளுத்திருக்கிறதே என்று யூரியாவைக் கூடுதலாக வீசிவிட்டேன். யூரியா கூடினால் குலைநோயும் கூடும்; அது என் தப்பு. பனி இறங்கியதும் இலையெல்லாம் கண் வடிவப் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு.

அப்போதுதான் சூடோமோனாஸ் பாக்கெட் கைக்கு வந்தது. தயாரித்த தேதியைப் பார்த்தால் எட்டு மாதம் முந்தையது, கிடந்தது தகரக் கொட்டகையில். அது உயிருள்ள பாக்டீரியா, சுண்ணாம்புப் பொடி இல்லை. தெளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மருந்துக்கடைக்குப் போய் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சாணக் கொல்லியை வாங்கினேன். மிச்சமிருந்த சூடோமோனாஸையும் அதே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார் கடைக்காரர்! பூஞ்சாணக் கொல்லியோடு அதைக் கலக்கக் கூடாது என்று பயிற்சியில் படித்திருந்ததால் தப்பித்தேன்.

டிரைசைக்ளசோலும் வந்த புள்ளியை ஆற்றாது. இலையைத் துளைக்கப் பூஞ்சாணத்துக்கு ஒரு கருநிறமி வேண்டும்; அது உருவாகாமல் தடுக்கிற மருந்து இது. புது இலை தப்பியது. ஆனாலும் ஒரு மாவில் கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோய் விழுந்து கதிரெல்லாம் பதர். உணவில் இந்த மருந்து இவ்வளவுதான் தங்கியிருக்கலாம் என்கிற எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது பாசுமதி ஏற்றுமதிக்காரர்கள் பதறினார்கள். என் நெல் ஐரோப்பாவுக்குப் போகாது. ஆனால் என் வீட்டில் உலை வைப்பது அந்த நெல்லைத்தான்.

சூடோமோனாஸின் வேலை விதையிலேயே தொடங்குகிறது. கிலோ விதைக்கு 10 கிராம், நடவுக்கு முன் நாற்றின் வேரை அரை மணி நேரம் கரைசலில் நனைப்பது, நட்ட 30 நாளில் ஏக்கருக்கு ஒரு கிலோவைத் தொழு உரத்தோடு வீசுவது, அதற்கும் பிறகுதான் தெளிப்பு. முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் மார்கழியில் செய்யச் சொன்னால் எப்படி?

வேளாண்மைத் துறை புதிதாகத் தயாரித்த பாக்கெட்டுகளை ஆவணி பிறக்கும்போதே விரிவாக்க மையங்களில் நிழலில் இருப்பு வைக்கட்டும். காலாவதித் தேதியைக் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குத் தமிழில் அச்சிடட்டும். அடுத்த சம்பாவுக்கு எனக்கு வேண்டியது அரைக் கிலோ விதை நேர்த்திக்கு, இரண்டு கிலோ வயலுக்கு. காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
மன்னார்குடி வட்டம்