பராமரிப்பு பில்லில் தவறான ஜிஎஸ்டி: திருத்தக் கோரி

பெறுநர்: மேலாளர், பில்லிங் பிரிவு

ஐயா,

எங்கள் சங்கத்துக்காக நீங்கள் தயாரித்த இம்மாத பில்களில் ஒன்று: 840 சதுர அடி வீடு, பராமரிப்பு 4,200 ரூபாய், மின்கட்டணம் 3,400, ஜிஎஸ்டி 1,368. இந்த வீட்டுக்கு ஒரு பைசா வரி கிடையாது.

மாதப் பராமரிப்பு வீட்டுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. உங்கள் மென்பொருள் பராமரிப்பையும் மின்கட்டணத்தையும் கூட்டி 7,600 ஆக்கி, அந்த வரம்பு தாண்டிவிட்டது என்று 18 சதவீதம் போட்டிருக்கிறது. மின்வாரியம் கேட்ட தொகையை அப்படியே வசூலித்துக் கட்டும்போது சங்கம் வெறும் முகவர்தான். 2023 அக்டோபர் 31 தேதியிட்ட மத்திய அரசின் 206ஆம் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைச் சொல்கிறது. ஆகவே மின்கட்டணம் யூனிட் கணக்கோடு தனி இனமாக, வரி மதிப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஜெனரேட்டர் டீசல் அப்படியல்ல, அது பராமரிப்பில்தான் சேரும்.

1,660 சதுர அடி வீடுகளுக்குப் பராமரிப்புத் தொகை 8,300 முழுவதற்கும் 1,494 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். மத்திய அரசின் 2019 ஜிஎஸ்டி சுற்றறிக்கை அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2021 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல், 7,500க்கு மேற்பட்ட தொகைக்கே வரி என்றது. 800க்கு 144 ரூபாய். வீட்டுக்கு 1,350 கூடுதல்.

இரண்டு சிறிய வீடுகள் வைத்திருப்பவருக்கு 8,400 என்று கூட்டியதும் தவறு. வரம்பு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. இதைச் சொல்வதும் அதே 2019 சுற்றறிக்கைதான். பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டால் எப்படி?

புதிய உரிமையாளர் சங்கத்தின் பொது நிதிக்குக் கட்டிய கார்பஸ் 25,000க்கு 4,500 வரி போட்டிருக்கிறீர்கள். வீடு கைமாறினால் திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகை அது. பெயிண்ட் வேலைக்கு அதிலிருந்து எடுத்தால்தான் வரிக் கேள்வியே எழும்.

சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிறது, பதிவும் இருக்கிறது. வரியே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை.

தவறான ஒவ்வொரு பில்லுக்கும் கிரெடிட் நோட் (தொகையைக் குறைக்கும் திருத்தச் சீட்டு) போட்டு, விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்டுங்கள். அடுத்த பில்லில் சும்மா கழித்துவிட்டால், அரசுக்குக் கட்டிய வரி சங்கத்தின் தலையில் விழும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். லிஃப்ட் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), செக்யூரிட்டி பில்களில் சங்கம் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக முழுதாக எடுத்திருக்கிறீர்கள். வரி விலக்குள்ள வீடுகளின் பகுதிக்கு உரியதை ஜிஎஸ்டி விதி 42ன்படி திருப்பி, அந்தக் கணக்குத் தாளையும் 15 நாட்களுக்குள் அனுப்பவும்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்