தொப்புள் தையல் காஞ்சிருச்சா?

அன்பு மகளுக்கு,

இங்க எல்லாரும் சுகம். பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க, படகு கரையிலதான் கிடக்கு. தம்பி வலை பொத்துறான்.

நீ போன்ல நல்லாருக்கேன்ப்பான்னு சொல்லி உடனே வச்சிர்ற. பித்தப்பை ஆபரேஷனுக்குப் போட்ட தொப்புள் தையல்ல கசியுதுன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்க. வயித்துப் புண்ணைப் பத்தி மககிட்ட அப்பன் எப்படிக் கேக்குறது? அதான் எழுதுறேன்.

நாலு சின்ன ஓட்டைதானேன்னு நீ சொன்ன. வயித்தைக் கிழிக்கிற ஆபரேஷனைவிட இதுல சீழ் பிடிக்கிறது குறைவுன்னுதான் நர்ஸம்மாவும் சொன்னாங்க. ஆனா பல நேரம் பித்தப்பையைத் தொப்புள் வழியா வெளிய எடுப்பாங்களாம், அப்படி எடுக்குற ஓட்டையிலதான் புண் அதிகமா வைக்குமாம். சர்க்கரை இருந்தா இன்னும் மோசம். பேரன் வயித்துல இருக்கையில உனக்கு வந்துச்சே, அதுக்கப்புறம் பாத்தியா?

மாசம் ஆகப்போகுது, இனி என்னன்னு இருந்துறாத. திருக்கை முள் குத்துன உங்க சித்தப்பா காலு ஞாபகம் இருக்குல்ல? மேல மூடிருச்சு, உள்ள வேலை நடந்துச்சு. சில கிருமி வாரக்கணக்குல கழிச்சுத்தான் தலைகாட்டுமாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரனாம். கருவியைச் சரியா சுத்தம் பண்ணாம சும்மா தண்ணியில அலசுனா ஒட்டிக்கிட்டு வருமாம். காய்ச்சல்கூட இருக்காது. தழும்பு தடிச்சு, கசிஞ்சுக்கிட்டே கிடக்கும். சாதா மாத்திரைக்கு அடங்காது, மாசக்கணக்குல மருந்து சாப்பிடணும். அதனால மெடிக்கல்ல நீயா எதையும் வாங்கித் திங்காத. ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே காட்டு. கசிவை எடுத்து, எந்தக் கிருமின்னு பாக்குற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பணுமான்னு கேளு.

குளிர்காய்ச்சல், புண்ணைச் சுத்திச் சிவப்பு பரவுறது, வயித்துவலி கூடுறது, கண்ணு மஞ்சளாகுறது, இதுல ஒண்ணு வந்தாலும் விடியட்டும்னு இருக்காத.

அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் கட்டி வச்சிருந்தா. எடுத்து உள்ள வச்சுட்டேன். புண்ணுல எதையும் தடவாத.

பள்ளிக்கூடத்துல மேடையேறிப் பரிசு வாங்குன பிள்ளை. ஆபீஸ்ல அத்தனை பேருக்கு வேலை சொல்ற, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். சர்க்கரை பாக்க ஒரு ரத்தம் குடுத்துட்டு வர நேரமில்லையா? தண்ணிக் கேனை நீயே தூக்குறியாமே. மாப்பிள்ளையை நான் ஒண்ணும் சொல்லல.

அம்மா செவ்வாய்க்கிழமை போட் மெயில்ல ஏறுறா. நெத்திலிக் கருவாடு குடுத்துவிடுறேன், எண்ணெய் கம்மியா ஊத்து. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்தாப் போதும். அதுக்கு முந்தி சர்க்கரை பாத்துரு. எவ்வளவுன்னு அம்மாகிட்ட சொல்லாத, அவ பாதியை முழுங்கிருவா. எனக்கு அனுப்பு.

அப்பா