பலாலி விமான நிலையத்தில் இறங்கப்போகும் நண்பனுக்கு

யாழ்ப்பாணம்,
ஆனி மாதம்.

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பிவிட்டது. நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றத்துக்கு ஊர் மெல்லத் தயாராகிறது.

ஏஜென்சி வான் வேண்டாம், மூன்று பேரும் நாங்களே சுற்றுகிறோம் என்று எழுதியிருந்தாய். அதுதான் சரி. நல்லூர், கீரிமலை, நயினாதீவு மூன்றையும் ஒரே நாளில் அடக்கினால் ஒன்றையும் ஆறுதலாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்றை மனதில் வை. கோயில், சாப்பாடு, இடது பக்க ஓட்டம் என்று எல்லாம் திருச்சி மாதிரியே இருப்பதால் வருகிறவர்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். விசா, காசு, லைசென்ஸ், காய்ச்சல் இந்த நான்கிலும் இது வேறு நாடு.

விசாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பி. முகவரி ‘கவ் டொட் எல்கே’ (gov.lk) என்று முடியவேண்டும். அதே தோற்றத்தில் தரகர் தளங்கள் பல இருக்கின்றன, கூடக் காசு பிடுங்கும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் போன வருடம் வந்தவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதே. வழமையாகக் கிடைப்பது 30 நாள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கவேண்டும். அதில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அடி, இன்ஷியலை விரித்து எழுதும் இடத்தில்தான் நம்மவர்கள் பிழை விடுவது.

2025 மார்ச்சில் தொடங்கிய திருச்சி–பலாலி சேவைக்கு விட்டது சின்ன ஏ.ரி.ஆர். விமானம். மேல் தட்டில் பெரிய பெட்டி போகாது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் வருவதென்றால் வா, ஆனால் காற்று கூடினால் ஓட்டத்தை நிறுத்துவார்கள். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகவேண்டும் என்றால் கப்பலை நம்பாதே.

இந்திய ரூபாயைக் கடையில் வாங்கமாட்டார்கள். வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ மாற்றி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்து. மிச்சக் காசைத் திரும்ப மாற்றும்போது அதைக் கேட்பார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து லங்கா கியூஆர் உள்ள கடைகளில் உங்கள் யு.பி.ஐ. வேலை செய்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை அங்கிருந்து வெளிக்கிட முன்பே செயலியில் திறந்துவை. பஸ்ஸுக்கும் படகுக்கும் சின்னக் கடைக்கும் கையில் காசு வேண்டும். நாணயமாற்றுக் கடையில் 5000 தாளாகவே தந்தால் பாதியை 500, 100 ஆக மாற்றித் தரச் சொல். காலை பஸ்ஸில் 5000 தாளை நீட்டினால் கண்டக்டரிடம் மாற்றக் காசு இராது.

மோட்டார் சைக்கிள் எடுத்து ஓடலாமா என்று மகள் கேட்டாளாம். இந்திய லைசென்சை மட்டும் வைத்து ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் இங்கே அதற்கு மேலொப்பமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடும். ஆகவே சைக்கிள் எடுங்கள். குடாநாட்டில் ஏற்றமே இல்லை. எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார், டயரை நகத்தால் அமுக்கிப் பார், பூட்டு வாங்கு. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் போவதென்றால் விடியவே போங்கள். இந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, பாலத்தில் ஒதுங்க ஒரு மரமும் இல்லை. புங்குடுதீவு வரை மிதிக்கச் சொல்லமாட்டேன். மற்ற ஓட்டத்துக்கு பிக்மீ செயலியில் ஓட்டோ பிடிக்கலாம், இல்லாவிட்டால் ஏற முன் விலை பேசு.

தீவுகளுக்கு இரண்டு நாள் ஒதுக்கு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ், படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும், ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள். முன் சீற் மதகுருமாருக்கு, அதில் இருக்கவேண்டாம். நயினாதீவுக்குப் படகு கால் மணித்தியாலம்தான், அடிக்கடி உண்டு. ஆனால் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளிலும் சனி ஞாயிறிலும் தெற்கிலிருந்து யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வருவதால் இறங்குதுறையில் வரிசை நீளும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் பார். கீழ்த்தட்டில் காற்று வராது, வாசல் பக்கமாக இரு.

நெடுந்தீவு அப்படியல்ல. படகு ஒரு மணித்தியாலம் அளவில் ஓடும், நாளுக்குச் சிலதான். ரிக்கெற் எடுக்கும்போதே திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவை. அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். அங்கே இறங்கியதும் ஓட்டோவோ பிக்கப்போ பேசிக்கொள், நேரக்கணக்கில் பேசாமல் இடக்கணக்கில் பேசு: பழைய கோட்டை, பெருக்கமரம், தெற்கு வெளியில் குதிரைகள். நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். சோளகத்தில் தண்ணீர் தெறிக்கும், போனைப் பொலித்தீனில் சுற்று. பவளக்கல் மதில்கள் அழகுதான், ஆனால் ஒரு துண்டும் எடுக்காதே. பவளத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கும் அனுமதி வேண்டும்.

நாகவிகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவேண்டாம். இங்கே அது வழக்காகும் விஷயம். 2012இல் சிலையை முத்தமிட்டுப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர்களுக்கு நீதிமன்றம் தண்டனையே விதித்தது. முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதே. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடு. ஏ-9 வீதி வழியாகக் கொழும்புக்குப் போனால், முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் தார் வீதியை விட்டு இறங்கவேண்டாம். மிதிவெடி அகற்றும் இடம் அது.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேரோடு சேர்த்து வர ஆசை என்றால் அறையை இப்போதே பிடிக்கவேண்டும். அந்நாட்களில் கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள், அம்மாவுக்கு நடை கூடும். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம், வேட்டி கொண்டுவா. கூட்டம் ஒத்துவராது என்றால் 10ஆம் நாள் மஞ்சத் திருவிழாவுக்கு வாருங்கள், தேரளவு நெரிசல் இராது.

சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், கொதிக்கவைத்ததையோ போத்தலையோ குடியுங்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அதனால் இங்கே காய்ச்சல் என்றதும் வைத்தியர்கள் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள். ‘இந்தியாவிலிருந்து வந்தேன்’ என்று நீயாகச் சொல், மலேரியாவுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் அங்குள்ள வைத்தியரிடம் இலங்கைப் பயணத்தைச் சொல். அம்புலன்ஸ் 1990, இலவசம். சுற்றுலாப் பொலிஸ் 1912. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு, அந்தப் பிரதியோடு யாழ்ப்பாணத்திலேயே உள்ள இந்தியத் துணைத் தூதரகம். அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கடவுச்சீட்டின் நகலை வேறு பையில் வை.

அண்ணி கேட்ட பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானோடு வாங்கித் தருகிறேன். ஈரம் பட்டால் கசியும், காற்றுப் புகாத டப்பா ஒன்று கொண்டுவரச் சொல். திகதி முடிவானதும் எழுது, கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் அறை கேட்டுவைக்கிறேன். அம்மா படி ஏறுவாவா என்பதையும் எழுது, பார்த்து வைத்திருக்கும் இடத்தில் கீழ் அறை ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
குமரன்