டைல்ஃபிங்கன் போய் வந்த பிறகு அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணனுக்கு,

புதன்கிழமை பாகம் பிரிக்கப் பத்திர ஆபீசில் பார்ப்போம், ஆனால் பேச முடியாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். போனுக்கு அனுப்பினால் திறக்க மாட்டீர்கள். இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதினால் மச்சான்மார் யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: எந்த ஷெட் யாருக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் இதில் வராது.

இன்று நவம்பர் 22. 2015இல் இதே தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்று நாம் இரண்டு பேரும் ஜெர்மனியில், டைல்ஃபிங்கனில் இருந்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, போன மாதம் அந்த ஊருக்கு மறுபடியும் போய் வந்தேன். தனியாக. டூபிங்கன் தாண்டி, ஹெக்கிங்கன் பக்கம் மலைமேல் ஹோஹென்சோலர்ன் கோட்டை தெரிந்ததும் "சென்னிமலையாட்ட இருக்குது" என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. பக்கத்து சீட்டில் யாரோ ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பையரோடு பேச்சு காலை ஒன்பதுக்கு என்றால் ஒன்பதுதான். அவர்கள் மாறவே இல்லை. ஒரே கேள்வியை, பதில் சரியாக வரும் வரை நாலு தடவை கேட்கிறார்கள். துணி சுருங்கினால் எத்தனை சதவீதம், சாயத்தண்ணீர் எங்கே போகிறது, லேட் ஆனால் யார் பொறுப்பு. நாலரை ஆனதும் 'ஃபயராபென்ட்', அதாவது இன்றைய வேலை முடிந்தது என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டார்கள். டெலிவரி தேதி இன்னும் முடிவாகவில்லை! முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இந்தத் தடவை பொறாமையாக இருந்தது.

அந்த மியூசியத்துக்கும் போனேன். சனிக்கிழமை மதியம் நாம் இரண்டு பேரும் நின்ற அதே இடம். டைல்ஃபிங்கன் சேர்ந்த ஆல்ப்ஷ்டாட் ஊரின் பனியன் கதை முழுக்க ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறது. பனியன் துணி பின்னும் பழைய ரவுண்ட் மிஷின், தையல் மிஷின், உள்ளாடை, பெட்டி, லேபிள். நீங்கள் அந்த மிஷின் முன்னால் நின்று, துணி இறங்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தீர்கள். அப்பா வைப்பது போலவே. "ஊசி ஒண்ணு போயிருக்குது" என்றீர்கள், தமிழில். காட்டிக்கொண்டிருந்த பெரியவர் அந்தப் பக்கத்து ஸ்வேபிய வட்டாரப் பேச்சில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் குனிந்து தேடி அந்த ஊசியைக் கண்டுபிடித்தீர்கள். அவர் உங்கள் தோளில் தட்டினார். அண்ணா, உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அவருடைய பேத்தி இங்கிலீஷில் சொன்னாள். தெருவுக்குத் தெரு மில் இருந்ததாம். எழுபதுகளிலிருந்து ஒவ்வொன்றாக மூடினார்களாம். ஆர்டர் எல்லாம் எங்கே போனது என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் நம் இரண்டு பேரையும் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

ராத்திரி ரூமில் "நம்மூரும் ஒரு நாளைக்கு இப்படி ஆயிரும் தம்பி, அகலக்கால் வெக்காதே" என்றீர்கள். அடுத்த வருஷமே வைத்தேன். அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்லவில்லை. உங்களிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. ஊரறியச் சொல்கிறேன், தப்பு. ஆனால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எதற்கும் நீங்கள் வேண்டாம் என்றுதானே சொல்வீர்கள்? பயப்படாத ஒருத்தன் வீட்டில் இருந்ததால்தான் அந்த மூன்று வருஷம் ஷெட்டில் லைட் அணையாமல் இருந்தது. நூல் விலை 2021இல் அப்படி ஏறும் என்று எனக்குத் தெரியுமா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் என் குற்றமா?

அந்த மியூசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் புர்லாடிங்கனில் டிரிகேமா என்ற கம்பெனி இன்னமும் டி-ஷர்ட் தைக்கிறது. ஜெர்மனியிலேயே, ஜெர்மன் கூலி கொடுத்து. முதலாளியாக இருந்த வொல்ஃப்காங் க்ரூப் 2024 ஜனவரியில் மகளிடமும் மகனிடமும் ஒப்படைத்துவிட்டார். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிப்பு முடித்து வந்தால் அங்கே வேலை நிச்சயம் என்பது அவர்கள் பல வருஷமாகக் கொடுக்கும் வாக்கு. டிரிகேமா என்ற பேரில் நடுவில் இருக்கும் 'கே' எதிலிருந்து வந்தது தெரியுமா? கெப்ரூடர். சகோதரர்கள். 1919இல் மேயர் சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி. அப்பா நம் போர்டில் 'பிரதர்ஸ்' என்று எழுத வைத்தது போலத்தான். அந்தச் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பக்க போர்டுக்கு வேறு பேர் எழுதச் சொல்லிவிட்டேன். இதைக் கோபத்தில் செய்யவில்லை. போர்டில் அதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை.

இனி அந்த 2015 ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. காலையில் சில மணி நேரம் பேக்கரி திறந்திருந்ததாம், அதையும் தூங்கியே விட்டோம். நீங்கள் பருப்புப் பொடி டப்பாவைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். ஞாயிறு ஓய்வுக்கும் மனசுக்கும் உரியது என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919இல் எழுதிய வரி, இன்றைக்கும் செல்லும். அன்று அவர்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு வேறு. ரூம் கொடுத்த அம்மா கல்லறைக்குப் போய்வந்து, நம்மைக் கூப்பிட்டு ரொட்டியும் சீஸும் வைத்தார். மூன்று மணி நெருங்கியதும் கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருடைய அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை என்றார்.

அவர் போனதும் நீங்கள் சொன்னது: "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டு, கேக்கு வாங்கிட்டுப் போறாங்க பாரு." நானும் தலையாட்டினேன்.

போன மாதம் அதே வீட்டில்தான் தங்கினேன். அவருடைய அம்மா இறந்து ஐந்து வருஷமாகிறதாம். ஞாயிறு மூன்று மணிக்கு இப்போதும் காபி போட்டு, இரண்டு கப் வைக்கிறார். நம் அம்மாவைப் பற்றிக் கேட்டார். "அண்ணன் வீட்டில் நன்றாக இருக்கிறார்" என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். பதினாலு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவை வைத்துப் பார்ப்பது அண்ணியும் நீங்களும். அதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. வாசலில் நீங்கள் முகத்தைத் திருப்பியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்களும் ஒன்று செய்தீர்கள், அண்ணா. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதை எனக்கு வெளியாள் சொல்லித் தெரியவைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

புதன்கிழமை நீங்கள் எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அளவு பார்க்க யாரையும் கூட்டிவர மாட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவேன். உங்களுக்கு லோடு இருந்தால் நீங்கள் போய்விடுங்கள், எனக்காக உட்கார வேண்டாம். அண்ணியிடம் மட்டும் சொல்லி வையுங்கள். அம்மாவுக்கு சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்ன வாங்கி வரலாம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தம்பி