'தொடுதிரையைக் கண்டு அஞ்சுகிறார்கள்' என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது வந்தோர் கல்வியில் தொழில்நுட்பத்தைப் புகுத்துவது பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் இதழில் வந்த கட்டுரையில், 'கற்போர் தொடுதிரையைக் கண்டு அஞ்சுவதால் வேலை தொய்வடைகிறது' என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் மாலை நான் பாடம் நடத்தும் வயது வந்தோர் வகுப்புக்குப் போனதும், அஞ்சுகிறவர் யாரென்று தேடிப் பார்த்தேன். வந்திருந்த 14 பேரில் ஒருவரும் அகப்படவில்லை. அஞ்சிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். என் கைப்பேசியில் சார்ஜ் 11 சதவீதம் இருந்தது, கற்போர் வந்ததற்குச் சான்றாக மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய வருகைப் படமோ இன்னும் போய்ச் சேரவில்லை.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயது நிறைந்த, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம் என்பதும், எழுத்தோடும் எண்ணோடும் டிஜிட்டல் அறிவையும் பணத்தைக் கையாளும் அறிவையும் சொல்லித் தர வேண்டும் என்பதும், சொல்லித் தருகிற எங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. சம்பளத்தை நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேர வகுப்பில் அரை மணி நேரத்தை, சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கு எல்லோரையும் எழுப்பிக் கொண்டுபோய், தலைகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்புவதில் கழிக்கச் சொல்லும் எங்கள் பகுதி மேற்பார்வையாளர், ஒரு நாளாவது அவர்களில் ஒருவரை ஒரு வரி படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

இது இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின்போது, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் திருநீறு போட்டுத் துடைத்துவிட்டு நான் பாடம் நடத்திய திண்ணைக்கு மேற்பார்வையிட வந்த ஒருவர், பதிவேட்டிலிருந்த கைநாட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டிருந்தவர்களைக் கண்டுகொள்ளாமலே போய்விட்டார். அன்று கைநாட்டை எண்ணினார்கள், இன்று தலையை எண்ணுகிறார்கள்.

பவானி ஜமக்காளத் தறியில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்த ஒரு பெரியம்மா எங்கள் வகுப்பில் இருக்கிறார். காய்த்துப்போன அவருடைய ஆட்காட்டி விரலைத் திரை பல நேரம் உணர்வதில்லை. நான்கு முறை அழுத்திவிட்டு, "ஏனுங் டீச்சரம்மா, என்ற விரல் இதுக்கு ஆகலீங்களா?" என்று சிரித்துக்கொண்டே நடுவிரலால் தொட்டுத் திறந்தார். இதற்குப் பெயர் அச்சமா?

நூறு நாள் வேலைக் கூலி வங்கியில் ஏறியதும் வருகிற குறுஞ்செய்தி எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆங்கிலத்தில்தான் வருகிறது. நாங்கள் அகர வரிசையைச் சொல்லித் தருகிறோம். அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுகிற ஒரே கடிதம் வேறு மொழியில் வந்து நிற்கிறது. அதற்கும் அந்தப் பெரியம்மாவே வழி கண்டுபிடித்தார். தொகைக்குப் பக்கத்திலுள்ள சொல்லின் முதலெழுத்து பிறைபோல் வளைந்திருந்தால் (c) வரவு, தடியூன்றி நின்றால் (d) பற்று. இன்று வகுப்பு முழுவதும் அப்படித்தான் பார்க்கிறது. கட்டுரையாளர் எந்த வகுப்புக்குப் போய் எழுதினாரோ, தெரியவில்லை.

நான் கணினிக்கும் கைப்பேசிக்கும் எதிரி அல்லேன். கண்பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும், திருப்பூரிலிருக்கும் மகனுக்குக் குரல்பதிவு அனுப்பவும் அதைவிட வசதி ஏது? நாங்கள் பாடம் நடத்துகிற பள்ளியிலேயே பெரிய திரையுடன் ஓர் அறை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். "பிள்ளைகளுக்கு வந்தது, பெரியவர்கள் தொட்டுக் கெட்டுவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நாங்கள் தாழ்வாரத்தில் என் கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து படிக்கிறோம்.

வருகைப் படத்தை நாள்தோறும் கேட்காமல் வாரம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த அறையின் சாவியை இரவு எட்டு மணி வரை எங்களிடம் தரட்டும். தாங்கள் செய்ய வேண்டியது அதனினும் சிறிது: அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். எழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். பெரியம்மா தாமே படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.