அல்சூர் தூங்குமூஞ்சி மரத்துக்காக வந்தவர்களுக்கு

பெங்களூரு அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் எங்கள் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும், எங்கள் தெருவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அன்று ராத்திரி வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

மரம் சாய்ந்து இன்றோடு பதினாறு நாள். மனுஷர் என்றால் காரியம் முடித்து, வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பியிருப்போம். மரத்துக்கு என்ன முறை என்று தெரியவில்லை. சரி, எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

மே மாதத்து முதல் பெரிய மழை, எட்டரை மணி இருக்கும். படபடவென்று முறியும் சத்தம் எதுவும் இல்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுப்பது போல நிதானமாக ஒரு சத்தம், அப்புறம் தெரு முழுக்க இருட்டு. ஜன்னலைத் திறந்தால் முகத்தில் இலை இடித்தது.

முதல் நன்றி ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளுக்கு. மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தது. யாரும் சொல்லாமலே இரண்டு முனையிலும் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, ஒரு ஆளை உள்ளே விடவில்லை. இஸ்திரி அண்ணனின் வண்டி அடியில் நசுங்கிவிட்டது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார், அந்த டீக்கடைக்கும் ஒரு நன்றி. கொட்டுகிற மழையில் வந்த லைன்மேன், கம்பியை அகற்றும்வரை நீட்டிய காபியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரம்பத்தோடு வந்த நாலு பேர் இரண்டரை மணிவரை அறுத்தார்கள். நடுவில் ஒருவர் கையைத் தூக்கி "நில்லுங்கப்பா" என்றார். பொந்துக்குள் கீச்சென்று சத்தம். கண் திறக்காத மூன்று அணில் குட்டிகள். மூன்றாவது வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், செருப்புப் பெட்டியில் பழைய பனியனை விரித்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலை வைத்து எடுத்துப்போனாள். விடிந்ததும் மீட்பு மையத்தில் ஒப்படைத்தாள். இரண்டு பிழைத்துவிட்டதாகப் போன வாரம் தகவல் வந்தது.

இனிமேல் சொல்லப்போவது நன்றி இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் தெருவுக்கு சிமென்ட் போட்டபோது அடிமரத்தைச் சுற்றி இரண்டடி மண் விட்டிருந்தார்கள். அதையும் மூடச் சொல்லி மேஸ்திரிக்கு இருநூறு ரூபாய் கொடுத்தவன் நான். என் ஸ்கூட்டர் சேற்றில் நிற்கக்கூடாது. காய் விழுந்து பாகு மாதிரி செருப்பில் ஒட்டக்கூடாது. தண்ணீரும் காற்றும் உறிஞ்சும் சல்லிவேரெல்லாம் மேல்மண்ணில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டை அகற்றச் சொல்லி டில்லியில் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. அதுவும் தெரியாது. போன டிசம்பரில் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டியவர்கள் தொடை கனத்தில் மூன்று வேரை அறுத்தார்கள். பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1976இலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. வேரை அறுக்க யாரையும் கேட்க வேண்டாம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் வேர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். நான் போடச் சொன்ன சிமென்ட், உடையாமல், தட்டு மாதிரி அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது.

இதை மேல்வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. 1908இல் இங்கே லால்பாக் பூங்காவுக்குப் பொறுப்பாக வந்த ஜெர்மன்காரர் க்ரும்பிகல், வருஷம் முழுக்க ஊரில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சாலைக்குச் சாலை நட வைத்தவர். எங்கள் மரமும் அவர் வைத்ததுதான் என்று தாத்தா அடித்துப் பேசுவார். நான் நம்பியதில்லை. இனி வாதாடப்போவதும் இல்லை.

அன்று சாயங்காலம் தெருவில் குவித்திருந்த கிளைகளில் ஒன்றைத் தாத்தா குச்சியால் காட்டினார். ஐந்தரை மணிக்கு வழக்கம்போல இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டிருந்தன. அறுத்தது அதற்கு இன்னும் தெரியவில்லை. "தூங்கப் போகுது" என்றார் தாத்தா. பூக்கார அக்கா அன்றைக்கு விற்காத கனகாம்பரத்தை முழுசாக அடிமரத்தில் சுற்றி, கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார். காசு நீட்டியவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் சேர்ந்து மிச்ச சிமென்ட்டை உடைத்தோம். கடப்பாரை கொண்டுவந்த கன்னடக்காரப் பெரியவர், இந்த மரத்துக்கு அவர்கள் பக்கம் 'மளே மர' என்று பேர், மழை மரம் என்றார். நாம் தூங்குமூஞ்சி என்று வைததை மொழிபெயர்த்துச் சொன்னபோது சிரித்துவிட்டார். புங்கங்கன்று வாங்கித் தந்தவரும் அவர்தான். இந்த முறை ஆறடிக்கு ஆறடி மண். என் ஸ்கூட்டர் இனி கோயில் பக்கம் நிற்கும்.

கடைசியாக ஒரு விஷயம். அன்று ராத்திரி சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல யாரோ சித்ரான்னம் கொண்டுவந்தீர்கள். தூக்குச்சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் கன்னடத்தில் இரண்டெழுத்து வெட்டியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.